பக்கவாசல் நோட்டீஸ்

அத்தியாயம் 9

"ஒரே ஒரு கையெழுத்து, மார்னி. போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டே இரு. எதுக்கு இவ்வளவு வீம்பு?"

போலீஸ் சீஃப் வேட் கிராம்லிக் பேனாவை எங்கள் ஆபீஸ் மேஜைமேல் உருட்டிவிட்டார். அது மார்னி டுடெக்கின் காபிக் கோப்பையில் முட்டி நின்றது. மார்னி அதைத் தொடவில்லை.

"போட மாட்டேன்."

"அபராதம்கூட பெருசா ஒண்ணும் இல்லம்மா. வேகமா வண்டி ஓட்டினா கட்டுவோமே, அந்த மாதிரிதான்."

"அபராதத்தைப் பத்தி நான் பேசவே இல்ல. நான் குத்தத்தை ஒத்துக்கிட்டேன்னு ஒரு காகிதம் ஷெரீஃப் மேஜைக்குப் போனா என் துப்பாக்கி லைசென்ஸ் போயிடும். அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பேனாவை உருட்டுறீங்க."

சீஃப் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மணிக்கு விசாரணை. என்கிட்ட போட்டோ இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார்.

"வாய் இருக்கு!" என்றேன் நான். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் சொன்னேன். வீரத்துக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?

நான் டெல்மர் ஃபிங்க். காசு போட்டால் சிப்ஸ் பாக்கெட்டைத் தள்ளும் மெஷின்களைப் பன்னிரண்டு வருடம் ரிப்பேர் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். துப்பறிவது நானில்லை. மிஸஸ் ஹெட்விக் சோல்டிஸ். நான் வண்டி ஓட்டுவேன், வம்பு பேசுவேன். அந்த அம்மாள் பத்தொன்பது வருடம் ஷெரீஃப் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் போட்டோ பிடித்து அட்டை போட்டுக் கொடுத்தவர். எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேரை அவருக்கு அட்டையில் இருக்கும் முகமாகத்தான் தெரியும்.

"நீ வந்த அன்னைக்கு இடது கண்ணு வீங்கியிருந்துச்சு," என்றார் மார்னியிடம். "போட்டோவை அடுத்த வாரம் எடுத்துக்கலாமான்னு கேட்டேன்."

"அடுத்த வாரம் நான் இருப்பேனான்னு அன்னைக்குத் தெரியல, மிஸஸ் சோல்டிஸ்."

அந்தக் கண்ணை வீங்க வைத்த புண்ணியவான் பெயர் ராண்டல். மார்னியின் முன்னாள் புருஷன். ஜெயிலிலிருந்து வெளியே வந்து பதினோரு நாள் ஆகிறது.

"நேத்து என் வீட்டுக்கு எதிர்ல வண்டியை நிறுத்தி ஹாரன் அடிச்சான்," என்றாள் மார்னி. "கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. போலீஸுக்குப் போன் பண்ணேன். அவங்க வர்றதுக்குள்ள போயிட்டான். என் துப்பாக்கியும் லைசென்ஸும் வெள்ளிக்கிழமையிலேருந்து சீஃபோட பீரோவுல இருக்கு. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே தெரியுமே!"

மிஸஸ் சோல்டிஸ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டார். யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். "வெள்ளிக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லும்மா. டெல்லுக்குப் புரியுற மாதிரி."

"எனக்குப் புரிஞ்சா குதிரைக்கும் புரியும், சொல்லுங்க," என்றேன்.

எங்கள் ஹார்க்கர்ஸ்ஃபோர்டில் கட்டடத்துக்குப் பஞ்சம். டவுன் கவுன்சில், தீயணைப்புப் படையின் ஹால், வட்டார நீதிபதியின் கோர்ட், மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் ஹாலில் மீன் வறுவல் விருந்து. கோர்ட்டில் பொய் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பவன் மூக்கில்கூட மீன் வாசனை அடிக்கும்.

"விருந்துக்கு சர்ச் சமையல்கட்டிலேருந்து நான்தான் வேன்ல சரக்கு கொண்டுவருவேன்," என்றாள் மார்னி. "நாலேகாலுக்கு வந்தேன். இறக்குறதுக்குத் தள்ளுவண்டி வேணும். அது கோர்ட்டுக்கு வெளிய காரிடார்ல நிக்கும். பக்கவாசல் வழியா வெறுங்கையோட உள்ள போனேன். குனிஞ்சு வண்டியை இழுத்தேன். ஜாக்கெட் மேல ஏறிடுச்சு, இடுப்புல இருந்தது வெளிய தெரிஞ்சுடுச்சு. பின்னாடி ப்ரூபேக்கர் நின்னுட்டிருந்தார். தீப்பிடிச்ச மாதிரி கத்தினார். அஞ்சு நிமிஷத்துல என் கையில விலங்கு. வேனை சரக்கோட இழுத்துட்டுப் போயிட்டாங்க."

எல்டன் ப்ரூபேக்கர் எங்கள் கவுன்சில் தலைவர். மூன்று மாதம் முன்னால் டவுன் கட்டடத்தில் யாரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று ஊருக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டார். அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தச் சட்டம் செல்லாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் மார்னி. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ப்ரூபேக்கரின் முகம் பீட்ரூட் ஆனது.

"செல்லாதுன்னா, இப்ப இவளை எதுல மாட்டிவிட்டாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு நோட்டீஸ் இருக்குப்பா," என்றார் மிஸஸ் சோல்டிஸ். "ஒண்ணு கவுன்சில் மாட்டின தகர போர்டு. பென்சில்வேனியாவுல துப்பாக்கிக்கு ஊருக்கு ஊர் தனிச் சட்டம் போட முடியாது. மாநிலம் போட்டதுதான் சட்டம். லைசென்ஸ் வெச்சிருக்கிறவளை அந்தத் தகரம் ஒண்ணும் பண்ணாது."

"இன்னொண்ணு?"

"கோர்ட் நோட்டீஸ். அது மாநிலச் சட்டம். லைசென்ஸ் இருந்தாலும் சரி, கோர்ட்டுக்குள்ளயும் அதை ஒட்டின காரிடார்லயும் துப்பாக்கி கூடாது. ஆனா அந்த நோட்டீஸை ஒவ்வொரு வாசல்லயும் பளிச்சுன்னு ஒட்டியிருக்கணும். ஒட்டாத வாசல் வழியா விஷயம் தெரியாம வந்தவளைத் தண்டிக்க முடியாது. அதையும் அதே சட்டம்தான் சொல்லுது."

"பக்கவாசல்ல தகரம் மட்டும்தான் இருந்துச்சு," என்றாள் மார்னி. "எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன். முன்வாசல் வழியா நான் ஒரு நாளும் போனதில்ல."

"சீஃபோட போட்டோவுல ரெண்டும் இருக்கேம்மா."

கிராம்லிக் விட்டுப்போன போட்டோப் பிரதி மேஜையில் கிடந்தது. பக்கவாசல் கதவின் கண்ணாடி. மேல் சட்டத்தில் கவுன்சில் தகரம், கீழே கண்ணாடியில் கோர்ட் நோட்டீஸ். கைது செய்த உடனே எடுத்ததாகச் சீஃப் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மையானால் மார்னி அவ்வளவுதான்.

மிஸஸ் சோல்டிஸ் அந்தப் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடுப்பில் பால் வைத்திருந்தால் பொங்கி வழிந்திருக்கும், அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் ஓரிடத்தைத் தொட்டார்.

"இது என்ன டெல்?"

நோட்டீஸின் கீழ் மூலையில் வெள்ளையாக ஏதோ வளைந்து தெரிந்தது. "பேப்பர் பிளேட். விருந்துல எதாவது இல்லேன்னா சமையல்காரங்க பிளேட்டுல எழுதி கதவுல ஒட்டுவாங்க. பார்சல் வாங்க வர்றவங்க உள்ள வந்து கத்தக் கூடாதுன்னு."

"என்ன எழுதியிருக்கு?"

"பாதிதான் தெரியுது. 'பைரோகி இல்லை'ன்னு படிக்கிறேன். அட, அதைக் கேக்காதீங்க மேடம்! அன்னைக்கு ஆறு மணிக்குப் பசியோட போறேன். மீன் இருக்கு, முட்டைக்கோஸ் இருக்கு, பைரோகி இல்லைங்கிறான். கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள்ள உருளைக்கிழங்கும் சீஸும் வெச்சு வேகவெச்சு, வெங்காயத்தோட வெண்ணெயில புரட்டின பைரோகி இல்லாம அது என்ன விருந்து? ஏன்யா இல்லன்னு கேட்டா, இல்லன்னா இல்லதான்னு எரிஞ்சு விழுறான் ஸ்டான்."

மிஸஸ் சோல்டிஸ் என்னையே உற்றுப் பார்த்தார். "உன் வயித்துக்கு ஒரு கும்பிடுப்பா. வண்டியை எடு. நீயும் வா மார்னி, வேன் சாவி, காகிதம் எல்லாத்தையும் எடுத்துக்கோ."

பக்கவாசலில் இப்போது தகரமும் நோட்டீஸும் மட்டும்தான் இருந்தன. பிளேட்டைக் காணோம். நோட்டீஸின் நாலு மூலையிலும் புதுசாக டேப் போட்டு அழுத்தியிருந்தார்கள்.

"என்ன, கதவை அளந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

ப்ரூபேக்கர்தான். கையில் காபி, முகத்தில் சிரிப்பு. மார்னியைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அகலமானது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தியே. இன்னைக்கு மதியம் உனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுப்பார்."

"சொல்லட்டும்," என்றாள் மார்னி. "நான் அன்னைக்குப் படிச்ச பக்கத்தையே அவங்களும் படிப்பாங்க. நீங்களும் ஒரு தடவை படிச்சிருந்தா இந்தத் தகரத்துக்கு ஆணி மிச்சம்."

ப்ரூபேக்கரின் காது சிவந்தது. "இந்த நோட்டீஸ் வருஷக்கணக்கா இங்க இருக்கு. ஊரே பாத்திருக்கு!"

"வருஷக்கணக்கா வெயில்ல இருந்தும் வெளுக்கவே இல்லையே," என்றேன். "என்ன சோப்பு போடுறீங்க தலைவரே?"

மிஸஸ் சோல்டிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வெளுக்கலைங்கிறதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுப்பா," என்றார் வண்டிக்குப் போகும்போது. "பழசு கிழிஞ்சுது, புதுசு மாத்தினோம்பாங்க. போட்டோவுலதான் விஷயம் இருக்கு. நோட்டீஸோட மூலை பிளேட்டுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?"

போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "மேல. பிளேட்டோட விளிம்பு நோட்டீஸுக்கு அடியில போகுது."

"அப்ப எது முதல்ல ஒட்டினது?"

"பிளேட்! மேடம், முடிஞ்சுது கதை! விருந்து ஆரம்பிக்கிறதே அஞ்சு மணிக்கு. சாப்பாடு தீர்ந்து பிளேட் ஒட்ட ஆறு மணியாவது ஆகும். அதுக்கு மேல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. மார்னியைப் பிடிச்சது நாலேகால்!"

"அந்தப் பிளேட் அன்னைக்கு ஒட்டினதுதான்னு யார் சொல்வா?"

"ஸ்டான் சொல்வான். அவன் கையெழுத்து."

ஸ்டான் வொய்சிக் தீயணைப்புப் படையின் சமையல் தளபதி. எழுபது வயது, உருண்டை மனிதர். ஹாலின் சமையல்கட்டில் அடுத்த விருந்துக்காக முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். போட்டோவைக் காட்டியதும் கத்தி ஒரு நொடி நின்றது. கண் ஜன்னலுக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே ப்ரூபேக்கர் காபி குடித்துக்கொண்டு நின்றார்.

"என் பிளேட்தான்," என்றார். "ஆனா அது பழசு. ரெண்டு மூணு வாரம் முந்தினது. பிய்க்க மறந்துட்டோம்."

"யோவ் ஸ்டான், காது குத்தாதய்யா! வெள்ளிக்கிழமை நானே வந்து பைரோகி கேட்டேன்!"

"அன்னைக்கும் இல்ல, முன்னாடியும் இல்ல. இல்லாதது ஒரு குத்தமா? பிளேட் பழசு. போங்க, வேலை இருக்கு."

மார்னி அவர் எதிரில் போய் நின்றாள். "என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க ஸ்டான்."

ஸ்டான் முட்டைக்கோஸைத்தான் பார்த்தார். "இந்த ஹால் கவுன்சிலோட கட்டடம். ஜூன்ல குத்தகை முடியுது. எங்களை வெளிய போகச் சொன்னா தீயணைப்பு வண்டியை எங்க கொண்டுபோய் நிறுத்துவேன், என் வீட்டுத் தோட்டத்திலயா? என்னை விட்டுடு மார்னி."

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸஸ் சோல்டிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நறுக்கிய முட்டைக்கோஸில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சரி விடுங்க ஸ்டான். ஊர்ல பேசிக்கிறது நிஜம்தான் போல."

"என்ன பேசிக்கிறாங்க?"

"உங்க விருந்துல வாராவாரம் பைரோகி பத்தாமப் போகுதுன்னு. பக்கத்து ஊர் ஹால்ல கொட்டிக் கிடக்குதாம். ஆளுங்க அங்க போக ஆரம்பிச்சுட்டாங்களாம்."

கத்தி பலகையில் குத்திக்கொண்டு நின்றது. "எவன் சொன்னான்? எவன்? இருபத்திரண்டு வருஷம்! இருபத்திரண்டு வருஷமா நான் இந்த அடுப்பைப் பாக்குறேன். மீன் தீர்ந்திருக்கு. முட்டைக்கோஸ் தீர்ந்திருக்கு. ஒரு தடவை உப்பே தீர்ந்திருக்கு. பைரோகி தீர்ந்ததே கிடையாது! எப்பவும் மிச்சம்தான். மிஞ்சினதை சனிக்கிழமை காலையில டஜன் டஜனா விக்கிறோமே, ஊர் வாங்கித் திங்குதே, மறந்து போச்சா?"

"ஒரு வெள்ளிக்கிழமைகூட?"

"ஒண்ணுகூட!"

"ரொம்பச் சந்தோஷம்," என்று எழுந்தார் மிஸஸ் சோல்டிஸ். "ரெண்டு மணிக்கு கோர்ட்டுக்கு வாங்க ஸ்டான். உங்க சமையல் பேரு அங்க அடிபடப் போகுது. இருந்து காப்பாத்திக்கோங்க."

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "என்ன மேடம் பண்றீங்க? பிளேட் பழசுன்னு சொல்லிட்டான். நம்ம கையில இருந்த ஒரே பிடியும் போச்சு. நீங்க அவன் சமையலைப் பத்தி விசாரிக்கிறீங்க!"

"பிடி இன்னும் இறுகியிருக்குப்பா. மார்னி, வேனைத் திரும்ப வாங்கினப்ப சீஃப் ஒரு காகிதம் கொடுத்திருப்பாரே?"

மார்னி பையிலிருந்து மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தாள். மிஸஸ் சோல்டிஸ் அதைப் படித்தார். பிறகு முதல் தடவையாக அன்று சிரித்தார். என்னிடம் காட்டவில்லை. அந்த அம்மாளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

ரெண்டு மணி. எங்கள் ஊர் கோர்ட்டே சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால், பக்கத்து வட்டாரத்திலிருந்து நீதிபதி ஆர்லீன் ப்ராஸ்ட் வந்திருந்தார். சின்ன வழக்கு, வக்கீல் யாரும் இல்லை. போலீஸ் தரப்பில் சீஃபே பேசினார். மார்னி தரப்பில் மார்னி. முதல் பெஞ்சில் ப்ரூபேக்கர் கால்மேல் கால் போட்டிருந்தார். கடைசி பெஞ்சில் ஸ்டான், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல்.

சீஃப் போட்டோவை நீட்டினார். நாலு வரி சொன்னார். துப்பாக்கி, காரிடார், வாசலில் நோட்டீஸ். உட்கார்ந்தார்.

மார்னி எழுந்தாள்.

"சீஃப், இந்தப் போட்டோ எப்ப எடுத்தது?"

"உன்னைப் பிடிச்ச உடனே. நாலரை மணி."

"அதுல கோர்ட் நோட்டீஸுக்கு அடியில ஒரு பிளேட் இருக்கே, அது?"

சீஃப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். இப்போதுதான் அதைப் பார்க்கிறார் என்று அவருடைய சிவந்த கழுத்தே சொன்னது. "பழைய பிளேட். ஏதோ ஒரு வாரம் பைரோகி தீர்ந்திருக்கும், ஒட்டியிருப்பாங்க."

"அதுக்கு மேல நோட்டீஸ் ஒட்டினது?"

"பழசைக் கழட்டிப் புதுசு மாத்தியிருப்பாங்க. எப்பவோ. உன்னைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி."

"நல்லது. என் வேனை இழுத்துட்டுப் போனப்ப உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு ஒரு பட்டியல் எழுதினீங்க. இது உங்க கையெழுத்துதானே? நேரம் நாலு அம்பது. நாலாவது வரியைப் படிங்க."

சீஃப் மஞ்சள் தாளைப் பார்த்தார். படிக்கவில்லை.

"படிங்க," என்றார் நீதிபதி.

"பைரோகி," என்றார் சீஃப். "உருளைக்கிழங்கு, சீஸ். நாற்பது டஜன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். மிஸஸ் சோல்டிஸ் என் பெல்ட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

மார்னி நீதிபதியைப் பார்த்தாள். "விருந்துக்கு வேண்டிய பைரோகி முழுக்க என் வேன்ல இருந்துச்சும்மா. ஒண்ணுகூட நான் இறக்கல. அதுக்குள்ள விலங்கு மாட்டிட்டாங்க. வேனைப் பூட்டி இழுத்துட்டுப் போனாங்க. அன்னைக்குப் பைரோகி இல்லாமப் போனதே என்னைக் கைது பண்ணதாலதான். என்னைப் பிடிக்கலேன்னா அந்தப் பிளேட்டே கிடையாது. அந்தப் பிளேட்டுக்கு மேல ஒட்டின நோட்டீஸ், நான் உள்ள போனப்ப எப்படி இருந்திருக்கும்?"

"பிளேட் பழசுன்னு சமையல்காரரே சொல்லியிருக்காரு!" ப்ரூபேக்கர் முதல் பெஞ்சிலிருந்து கத்தினார். "கேட்டுப் பாருங்க! ஸ்டான், சொல்லுய்யா!"

நீதிபதி கடைசி பெஞ்சைப் பார்த்தார். "மிஸ்டர் வொய்சிக், வாங்க. சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எந்த வாரம் உங்க விருந்துல பைரோகி இல்லாமப் போச்சு?"

ஸ்டான் மெதுவாக நடந்து வந்தார். சத்தியம் செய்தார். ப்ரூபேக்கரைப் பார்த்தார், மார்னியைப் பார்த்தார். குத்தகையும் தீயணைப்பு வண்டியும் அவர் கண்ணில் தெரிந்தன. இருபத்திரண்டு வருடமும் தெரிந்தது.

"எந்த வாரமும் இல்லம்மா," என்றார் கடைசியில். "என் அடுப்புல பைரோகி குறைஞ்சதே கிடையாது. போன வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான். அந்தப் பிளேட்டை அஞ்சரை மணிக்கு நான்தான் எழுதி ஒட்டினேன். ஒட்டினப்ப கதவுல தகரம் மட்டும்தான் இருந்துச்சு." திரும்பி ப்ரூபேக்கரைப் பார்த்தார். "ஹாலை எடுத்துக்கோ எல்டன். வண்டியை உன் வீட்டு வாசல்ல நிறுத்துறேன். சைரனோட."

கோர்ட் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "சீஃப், நோட்டீஸை யார் ஒட்டினது?"

சீஃப் தொப்பியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "கவுன்சில் சட்டம் லைசென்ஸ்காரங்ககிட்ட நிக்காதுன்னு டவுன் வக்கீல் போன்ல சொன்னார். அப்ப ஆறரை மணி இருக்கும். தலைவர் முன்வாசல் நோட்டீஸைப் பிரதி எடுத்துக்கிட்டு வந்து..." முதல் பெஞ்சில் கால்மேல் போட்டிருந்த கால் இறங்கியது.

"வழக்கு தள்ளுபடி," என்றார் நீதிபதி. "துப்பாக்கியையும் லைசென்ஸையும் இப்பவே திருப்பிக் கொடுங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண வேலையைப் பத்தி மாவட்ட அரசு வக்கீலுக்கு நானே எழுதுறேன். மிஸ்டர் ப்ரூபேக்கர், எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க."

நான் விசில் அடித்தேன். கோர்ட்டில் அடிக்கக் கூடாதாம். வெளியே போகச் சொன்னார்கள், சந்தோஷமாகப் போனேன்.

காரிடாரில் சீஃப் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார். திறந்து காட்டினார். உள்ளே கைத்துப்பாக்கி, உறை, தோட்டா, லைசென்ஸ் அட்டை. பெட்டியை மார்னியின் பக்கம் நீட்டினார்.

"இந்தா. எடுத்துட்டுக் கிளம்பு."

மார்னியின் கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அவள் காரிடாரை ஒருமுறை பார்த்தாள். பக்கத்தில் கோர்ட் கதவு. எதிரே வாசல் கண்ணாடியில் நோட்டீஸ், நாலு மூலையிலும் டேப்போடு, இந்தத் தடவை நிஜமாகவே பளிச்சென்று.

கையை இழுத்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க தொட மாட்டேன் சீஃப்."

"என்ன?"

"இது கோர்ட் காரிடார். வாசல்ல நோட்டீஸ் இருக்கு. இப்ப இருக்கு. நான் தொட்ட உடனே மறுபடி விலங்கை எடுக்கலாம்னு பாத்தீங்களா? உங்களுக்குத்தான் அனுமதி உண்டு. நான் என் வேன்கிட்ட இருக்கேன். நீங்களே கொண்டுவாங்க."

சீஃப் தெரிந்தே நீட்டினாரா, தெரியாமல் நீட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நான் என்ன உனக்குச் சுமை தூக்குற ஆளா?" என்றார்.

கோர்ட்டுக்குள்ளிருந்து நீதிபதியின் குரல் வந்தது. "சீஃப், அந்தம்மா சொல்றது சரி. கொண்டுபோய்க் கொடுங்க."

விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த ஊர்க்காரர்கள் முப்பது பேர் இருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மார்னி வெறுங்கையோடு முன்னால் நடந்தாள். சீஃப் வேட் கிராம்லிக் இரண்டு கையிலும் பெட்டியை ஏந்திக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். மிஸஸ் சோல்டிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருவில் அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் லைசென்ஸ் அட்டை. அதிலிருந்த வீங்கிய கண்ணை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பர்ஸில் வைத்தாள். பிறகு உறையை இடுப்பில் மாட்டினாள், துப்பாக்கியைச் செருகினாள், ஜாக்கெட்டை இழுத்து விட்டாள். இப்போது அவளைப் பார்த்தால் சர்ச்சுக்குச் சரக்கு ஓட்டும் ஒரு பெண், அவ்வளவுதான்.

தெருக்கோடியில் ஒரு பச்சை நிற பிக்கப் வண்டி நின்றிருந்தது. ராண்டலின் வண்டி. ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

"மார்னி, உள்ள வா," என்றேன்.

அவள் வரவில்லை. வேனில் ஏறவும் இல்லை. தெரு நடுவில் அந்த வண்டியைப் பார்த்து நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் சும்மா தொங்கின. ஜாக்கெட்டைத் தொடக்கூட இல்லை.

"அடிடா," என்றாள் உரக்க. "ஹாரன் அடி. அடிச்சுப் பாரு."

பிக்கப்பின் ஜன்னல் மேலே ஏறியது. வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, திரும்பி, பாலத்துப் பக்கம் போனது.